ஆகாயத்துக்கான ட்யூனிங்

மாதிரி விமானங்களின் சிறு பெட்ரோல் இன்ஜினை ஸ்டார்ட் செய்வது, ட்யூன் செய்வது, கண்காணிப்பது குறித்து ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



இந்த மேஜை மேல் இருப்பது 50 சிசி டூ ஸ்ட்ரோக் பெட்ரோல் இன்ஜின். ஒரே சிலிண்டர். சைலன்சர், இக்னிஷன் பெட்டி எல்லாம் சேர்த்து எடை ஒன்றரைக் கிலோவை ஒட்டித்தான் வரும். ஒரு கையால் தூக்கிவிடலாம். ஆனால் இது தரும் திறன் ஏறக்குறைய ஐந்து குதிரைத் திறன். 22 அங்குல நீளமுள்ள புரொப்பல்லரை நிமிடத்துக்கு 7,000 சுற்று சுற்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த பிளேடின் நுனி நொடிக்கு 205 மீட்டர் ஓடுகிறது. மணிக்கு 735 கிலோமீட்டருக்கு மேல். அதன் அருகில்தான் நாம் ஸ்க்ரூ டிரைவரோடு கையை நீட்டுகிறோம். ஆகவே இன்று பேசப்போகும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் இந்த 735 நிற்கிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. இந்த இன்ஜினை நாம் தரையில் நிறுத்தி ட்யூன் செய்கிறோம். அது வேலை பார்க்கப்போவதோ ஆகாயத்தில். தரையில் கேட்கும் மிக இனிமையான சத்தத்தை நம்பி விமானத்தை மேலே அனுப்பிய பலர், அதைக் கொல்லையிலிருந்து பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். நானும் வந்திருக்கிறேன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் வில்லியம் பிரவுன் என்ற இளைஞர் சுமார் 10 சிசி அளவில் ஒரு பெட்ரோல் இன்ஜினைக் கடைந்தெடுத்தார். 1933இல் நியூயார்க் ரூஸ்வெல்ட் ஃபீல்டில் நடந்த தேசியப் போட்டியில் மாக்ஸ்வெல் பாசெட் அந்த இன்ஜினைப் பூட்டிய மாதிரியைப் பறக்கவிட்டார். ரப்பரை முறுக்கிப் பறக்கவிட்ட மாதிரிகள் எதுவும் அதன் முன் நிற்கவில்லை. பெட்ரோல் மாதிரிகளுக்குத் தனிப் பிரிவு ஏற்படுத்த வேண்டியதாயிற்று. 1934இல் ‘பிரவுன் ஜூனியர்’ விற்பனைக்கு வந்தது. பிறகு 1947இல் ரே ஆர்டன் குளோ பிளக்கைக் கொண்டுவந்தார். அதில் காயிலும் வேண்டாம், பாயிண்ட்டும் வேண்டாம், மெத்தனாலில் ஓடும். பேட்டரியையும் காயிலையும் சுமந்த பெட்ரோல் இன்ஜின்கள் பல ஆண்டுகளுக்குப் பின்வரிசைக்குப் போய்விட்டன. மரம் அறுக்கும் செயின் சாவும் புல் வெட்டும் இயந்திரமும்தான் அவற்றைத் திரும்ப அழைத்துவந்தன. அந்த இன்ஜின்களை மாதிரி விமானத்தில் பூட்ட ஆரம்பித்தார்கள். பின்னர் எலெக்ட்ரானிக் இக்னிஷனும் வந்து சேர, இன்று பெரிய மாதிரிகளில் பெட்ரோல்தான் அதிகம்.

செயின் சாவிலிருந்து வந்த இந்தக் கார்புரேட்டர்தான் இன்றைய பேச்சின் மையம். உங்கள் வீட்டுப் பழைய மொபெட்டின் கார்புரேட்டரில் ஒரு கிண்ணம் இருக்கும், அதில் மிதவை இருக்கும். வண்டியைச் சாய்த்தால் பெட்ரோல் வழியும். மரம் அறுப்பவர் செயின் சாவைப் பக்கவாட்டில் பிடிப்பார், சில சமயம் தலைகீழாகவும் பிடிப்பார். அங்கே மிதவை உதவாது. அதனால் மிதவைக்குப் பதில் மெல்லிய சவ்வு வைத்தார்கள். இரண்டு சவ்வுகள். ஒன்று பம்ப் சவ்வு. பிஸ்டன் ஏறி இறங்கும்போது கிராங்க் கேஸில் அழுத்தம் கூடிக் குறைகிறது அல்லவா? அந்தத் துடிப்பை ஒரு சிறு துளை வழியாக வாங்கி, தானும் துடித்து, டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும். இன்னொன்று அளவு பார்க்கும் சவ்வு. உள்ளே பெட்ரோல் குறைந்தால் அது உள்வாங்கும். ஒரு குட்டி நெம்புகோலை அழுத்தும். ஊசி வால்வு திறக்கும். வேண்டிய அளவு பெட்ரோல் வந்ததும் மூடிக்கொள்ளும். விமானம் குட்டிக்கரணம் அடித்தாலும் இதற்குக் கவலை இல்லை. இந்த இரண்டு சவ்வும் வெற்றிலை நரம்பின் தடிமன்கூட இருக்காது. ஆறு மாதம் சும்மா கிடந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆகாவிட்டால் நான் முதலில் சந்தேகப்படுவது விறைத்துப்போன சவ்வைத்தான். அடுத்தது, உள்ளே இருக்கும் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்ன வலை. ஒரு தூசி போதும், அது அடைத்துக்கொள்ள.

பெட்ரோலைப் பற்றி இங்கே நிதானமாகப் பேச வேண்டும். நம் ஊர் பங்க்குகளில் இப்போது பெரும்பாலும் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. ஆகவே கலவையைக் கூட்டிக் குறைக்கும் ஊசித் திருகை எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வைத்த இடத்திலேயே விட்டு இதை ஊற்றினால் கலவை லீன் ஆகிவிடும், அதாவது காற்றுக்குத் தேவையான பெட்ரோல் இருக்காது. ஊசியைக் கொஞ்சம் திறந்தாக வேண்டும். அதோடு எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். சென்னை போன்ற கடலோர ஊரில், பாதி காலியான கேனை மூடி தளர்வாக வைத்துவிட்டு மழைக்காலம் முழுக்க விட்டால், ஒரு கட்டத்தில் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கிவிடும். நம் டேங்கில் பெட்ரோலை உறிஞ்சும் குண்டு எங்கே கிடக்கிறது? அடியில். அந்தக் கலவையில் டூ ஸ்ட்ரோக் ஆயில் சரியாகக் கரையாது. ஓடும் இன்ஜினுக்கு ஆயில் இல்லாத திரவம் போகிறது. ஆகவே அந்த வாரம் பறக்கத் தேவையான அளவு மட்டும் கலந்துகொள்ளுங்கள். கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் ஊற்றி வெளிச்சத்தில் பாருங்கள். கலங்கலாக இருந்தாலோ அடியில் கோடு தெரிந்தாலோ இன்ஜினுக்கு ஊற்றாதீர்கள்.

ஆயில் விகிதத்துக்கு இன்ஜின் கையேடுதான் பிரமாணம். சாதாரணமாக 30க்கு 1 முதல் 50க்கு 1 வரை சொல்வார்கள். 40க்கு 1 என்றால் லிட்டருக்கு 25 மில்லி. கண் மதிப்பில் ஊற்றாதீர்கள், மருந்து ஊசிக்குழல் வாங்கி அளந்து ஊற்றுங்கள். “ஆயில் கொஞ்சம் கூடுதலா ஊத்திக்கிறேன், ரிச்சா ஓடட்டும்” என்று சொல்பவர்கள் உண்டு. விஷயம் நேர்மாறு. ரிச், லீன் என்பது பெட்ரோலுக்கும் காற்றுக்கும் உள்ள கணக்கு. ஆயில் கூடினால், அதே துளை வழியாகப் போகும் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறைகிறது. கலவை லீன் பக்கம் நகர்கிறது. இன்னொன்று, குளோ இன்ஜினுக்குப் பயன்படுத்திய சிலிக்கான் ட்யூபைப் பெட்ரோலுக்குப் போடாதீர்கள். பெட்ரோல் பட்டால் அது ஊதிப்போய் வழுக்கிக் கழன்றுவிடும். டேங்க் மூடியின் ரப்பரும் பெட்ரோலுக்கு உரியதாக இருக்க வேண்டும்.

இனி ஸ்டார்ட் செய்வோம். விமானத்தின் வாலைக் கட்டுங்கள், அல்லது பழகிய ஒருவர் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளட்டும். மரத் தரையில் சறுக்கும் செங்கல், பிளாஸ்டிக் நாற்காலி இதையெல்லாம் நம்பாதீர்கள். இக்னிஷன் ஆஃப். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எலெக்ட்ரானிக் இக்னிஷனில் ஒரு விசேஷம் உண்டு. புரொப்பல்லர் அச்சில் ஒரு சிறு காந்தம், பக்கத்தில் ஒரு சென்சார். காந்தம் சென்சாரைக் கடந்தால் போதும், பொறி பறக்கும். இன்ஜின் நின்றிருக்கிறது என்று நினைத்து விரலால் மெல்லத் தள்ளினாலும் பறக்கும். சிலிண்டரில் கொஞ்சம் பெட்ரோல் ஆவி இருந்தால் அந்த ஒரு பொறிக்குப் புரொப்பல்லர் அரைச் சுற்று பாயும். விரலுக்கு அரைச் சுற்றே அதிகம்.

இக்னிஷன் ஆஃப் செய்தபின் சோக்கை மூடுங்கள். கையில் தடித்த தோல் கையுறை. எதிரே நின்று பார்த்தால் புரொப்பல்லர் இடஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். நாலைந்து தடவை சுற்றுங்கள். ட்யூபில் பெட்ரோல் ஓடி கார்புரேட்டருக்கு வருவது கண்ணுக்குத் தெரியும். வந்துவிட்டதா? இப்போது இக்னிஷன் ஆன், திராட்டில் கொஞ்சம் திறந்து, பளிச்சென்று தட்டுங்கள். ஒன்றிரண்டு தட்டில் ‘டப்’ என்று ஒரு குரல் கொடுத்து நின்றுவிடும். அந்த ‘டப்’பை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டும். அதுதான் இன்ஜின் நம்மிடம் “போதும், பெட்ரோல் வந்தாச்சு” என்று சொல்லும் நேரம். உடனே சோக்கைத் திறந்துவிடுங்கள். மறுபடி தட்டினால் மூன்று நான்கு தட்டில் பிடித்துக்கொள்ளும். அந்த ‘டப்’பைக் கேட்காமல் சோக்கை மூடியபடியே தட்டிக்கொண்டிருப்பவர்கள்தான் அரை மணி நேரம் வியர்வை சொட்ட நிற்பவர்கள். பிளக் நனைந்துவிடும். அப்படி ஆனால் இக்னிஷனை ஆஃப் செய்து, பிளக்கைக் கழற்றித் துடைத்து, திராட்டிலை முழுக்கத் திறந்து, பத்துச் சுற்று சுற்றி உள்ளே இருக்கும் பெட்ரோலை வெளியே தள்ளுங்கள். கொஞ்சம் ஆற விடுங்கள். இன்ஜினுக்கு மட்டுமில்லை, உங்களுக்கும் அந்த ஐந்து நிமிடம் வேண்டும். எரிச்சலோடு தட்டும் கைதான் சறுக்குகிறது.

பிடித்துக்கொண்ட பிறகு யாரும் முன்னால் நிற்கக் கூடாது. பக்கவாட்டில், புரொப்பல்லர் சுழலும் நேர்கோட்டில் நிற்கவே கூடாது. பிளேடு உடைந்தால் அந்தக் கோட்டில்தான் பறக்கும். ட்யூனிங் செய்பவர் இறக்கைக்குப் பின்னாலிருந்து, நீள ஸ்க்ரூ டிரைவரால் செய்ய வேண்டும். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, தளர்ந்த சட்டைக் கை, துப்பட்டா எல்லாவற்றையும் முதலிலேயே கழற்றி வையுங்கள்.

ட்யூனிங்குக்கு வருவோம். கார்புரேட்டரில் எல், எச் என்று இரண்டு ஊசித் திருகு இருக்கும். எல் என்பது மெதுவான ஓட்டத்துக்கு, எச் என்பது முழு வேகத்துக்கு. வலப்பக்கம் திருகினால் மூடும், லீன் ஆகும். இடப்பக்கம் திருகினால் திறக்கும், ரிச் ஆகும். புது இன்ஜினில் இரண்டையும் மெதுவாக, இறுக்காமல் அடிவரை மூடி, கையேட்டில் சொன்னபடி திறக்க வேண்டும். பெரும்பாலும் ஒன்றேகால் முதல் ஒன்றரைச் சுற்று. அது தொடக்கப் புள்ளிதான். இரண்டு ஊசியும் தனித்தனியாக வேலை செய்வதில்லை என்பதை மறக்கக் கூடாது. முழு வேகத்தில் இரண்டு வழியாகவும் பெட்ரோல் போகிறது. ஆகவே எல் ஊசியைத் தொட்டால் எச்சை மறுபடி பார்க்க வேண்டும்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் கோயம்புத்தூரில் ஒரு இரு சக்கர வண்டி மெக்கானிக். ஆர்எக்ஸ் 100 வண்டிகளை வரிசையாக நிறுத்தி ட்யூன் செய்வார். ஓடும் இன்ஜினில் கார்புரேட்டர் வாயை உள்ளங்கையால் பாதி மூடுவார். காற்று குறைந்து பெட்ரோல் கூடுகிறது. வேகம் ஏறினால், “தம்பி, பசியில இருக்கு பாரு” என்பார். லீன் என்று பொருள். வேகம் விழுந்தால், “வயிறு முட்டிடுச்சு” என்பார், ரிச். “அண்ணே, மீட்டர் ஏதும் வேணாமா?” என்று கேட்டேன். “மீட்டரு பொறவு. மொதல்ல காதக் கொடு” என்றார். அந்த உள்ளங்கைச் சோதனையை மாதிரி விமானத்தில் செய்யவே கூடாது. புரொப்பல்லர் ஒரு முழத்தில் சுழல்கிறது. ஆனால் அவர் சொன்ன காது இங்கேயும் வேண்டும்.

எதைக் கேட்க வேண்டும்? ரிச்சாக இருக்கும் டூ ஸ்ட்ரோக் இன்ஜின், தொண்டையில் சளி கட்டியவர் பேசுவதுபோல ஓடும். ஒவ்வொரு சுற்றிலும் எரியாமல் ஒன்று விட்டு ஒன்று எரியும். ‘கொட கொட’ என்று ஒரு தடுமாற்றம். எச் ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமாக மூட மூட, அந்தச் சளி கரைந்து ஒரே இழையாகச் சத்தம் வரும். சுற்று ஏறும். இன்னும் மூடினால் இன்னும் ஏறும். அந்த உச்சியில் சத்தம் அத்தனை அழகாக இருக்கும். இன்னும் ஒரு மயிரிழை மூடினால் சத்தத்தில் ஒரு மெல்லிய தொய்வு, சுற்று இறங்கும். அங்கே பிஸ்டன் காய ஆரம்பித்துவிட்டது.

உச்சியைக் கண்டுபிடியுங்கள், அங்கே தங்காதீர்கள். உச்சியிலிருந்து 200 முதல் 300 சுற்று குறையும் அளவுக்கு ஊசியைத் திறந்து விடுங்கள். ஏன் என்று விளக்க வேண்டும். தரையில் நிற்கும் விமானத்தின் புரொப்பல்லர் நின்ற காற்றைக் கடைகிறது, சுமை அதிகம். விமானம் பறக்கும்போது காற்று முன்னாலிருந்து தானே வருகிறது, புரொப்பல்லரின் சுமை குறைகிறது, சுற்று கூடுகிறது. கூடும்போது கலவை லீன் பக்கம் நகர்கிறது. தரையில் உச்சியில் நிறுத்திய இன்ஜின் ஆகாயத்தில் உச்சியைத் தாண்டிப் போய்விடும். லீன் ஓட்டம் சூட்டைக் கூட்டும். டூ ஸ்ட்ரோக்கில் ஆயிலும் பெட்ரோலோடு கலந்துதான் வருகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைகிறது. சூடு ஏறும்போதே வழவழப்பு குறைகிறது. இரண்டு பக்கமும் இடி.

என் கதையைச் சொல்கிறேன். ஒரு ஜனவரி காலை, குளிர்ந்த காற்று. அன்று இன்ஜின் அருமையாகக் கூவியது. டாக்கோமீட்டரில் 6,950 காட்டியது. கொஞ்சம் மூடினேன், 7,100. அதைத் திறந்துவிட எனக்கு மனம் வரவில்லை. குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதற்குப் பெட்ரோல் அதிகம் வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த 150 சுற்றை விட மனமில்லை. விமானம் ஏறியது. மரங்களின் உயரம் தாண்டும்போது சத்தத்தில் அந்தத் தொய்வு கேட்டது. ஒரு நொடிதான், பிறகு மௌனம். திரும்பப் பார்க்காமல் நேராக முன்னால் இறக்க வேண்டும் என்பது பாலபாடம்; இறக்கினேன். முன்னால் இருந்தது சோளக் கொல்லை. சக்கரம் பிய்ந்தது, இறக்கையில் கிழிசல். வீட்டுக்கு வந்து சைலன்சரைக் கழற்றி, எக்ஸாஸ்ட் துளை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். பிஸ்டனில், புகை போகும் பக்கத்தில், மேலிருந்து கீழாக நாலு கோடு. பூனை நகத்தால் பிராண்டியதுபோல. அந்த பிஸ்டனை இன்னும் வைத்திருக்கிறேன். பேச்சு முடிந்ததும் இங்கே வந்து பாருங்கள்.

எச் முடிந்த பிறகு எல் ஊசி. அரை நிமிடம் மெதுவாக ஓடவிட்டு, திராட்டிலைச் சட்டென்று திறந்து பாருங்கள். சத்தமே இல்லாமல் பொசுக்கென்று நின்றால் லீன்; கொஞ்சம் திறக்க வேண்டும். இருமி, புகை கக்கி, தயங்கித் தயங்கி ஏறினால் ரிச். கொஞ்சம் மூட வேண்டும். முழு வேகத்திலிருந்து இறக்கும்போதும் கவனியுங்கள். உடனே ஸ்லோவுக்கு வராமல் சிறிது நேரம் வேகமாகவே சுற்றிப் பிறகு அடங்கினால் லீன். ஸ்லோவுக்கு வந்து மெல்ல மெல்லத் தேய்ந்து நின்றால் ரிச். ஒவ்வொரு தடவையும் அரைக்கால் சுற்றுக்கு மேல் திருகாதீர்கள். ஒரே நேரத்தில் இரண்டு ஊசியைத் தொடாதீர்கள். திருகியதைச் சிறு நோட்டில் எழுதுங்கள். தேதி, வெயில், எந்தப் பெட்ரோல், எத்தனை சுற்று திறப்பு. ஊட்டியில் பறக்கப் போனால் அந்த நோட்டு கைகொடுக்கும். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். சென்னையில் சரியாக இருந்த ஊசி அங்கே ரிச்சாக இருமும்.

கடைசிச் சோதனை, மூக்கை மேலே தூக்கிப் பார்ப்பது. வலுவான ஒருவர் விமானத்தைப் பிடித்து மூக்கை வானம் நோக்கிச் செங்குத்தாகத் தூக்கட்டும். முழு திராட்டிலில் பத்துப் பதினைந்து நொடி. தொய்வு கேட்டால் எச்சைக் கொஞ்சம் திறங்கள்.

இத்தனையும் சரியாகச் செய்தும் ஒரு விமானம் என்னை ஒரு மழைக்காலம் முழுக்கப் படுத்தியது. தரையில் குறையே சொல்ல முடியாது. மேலே போய் வேகம் பிடித்தால் தடுமாறும். வேகம் குறைந்தால் தெளிந்துவிடும். டேங்க் மாற்றினேன், ட்யூப் மாற்றினேன், பிளக் மாற்றினேன். காரணம் கடைசியில் ஒரு குண்டூசித் துளை. அளவு பார்க்கும் சவ்வின் மூடியில் காற்றோட்டத்துக்கு ஒரு துளை உண்டு. வெளிக்காற்றின் அழுத்தத்தைச் சவ்வு அந்தத் துளை வழியாகத்தான் உணர்கிறது. என் விமானத்தில் இன்ஜினை மூடியிருக்கும் முன்புறக் கூட்டுக்குள் அது இருந்தது. பறக்கும்போது கூட்டுக்குள் காற்று குவிந்து அழுத்தம் மாறுகிறது. சவ்வு ஏமாந்து பெட்ரோல் அளவை மாற்றிவிடுகிறது. தரையில் நிற்கும்போது அந்த அழுத்தம் இல்லை, ஆகவே நோய் தெரியவில்லை. துளையின் மேல் ஒரு சிறு பித்தளைக் குழாயைப் பற்றவைத்து, ட்யூப் மாட்டி, அதன் மறுமுனையைக் காற்று அலையாத உடற்பகுதிக்குள் கொண்டுபோய் விட்டேன். அன்று மாலையே விமானம் குணமாகிவிட்டது. தரை ஒன்று, ஆகாயம் ஒன்று என்று நான் இத்தனை பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

கண்காணிப்பு பற்றிச் சில வார்த்தை. சுற்று அளக்கும் டாக்கோமீட்டர் ஒளியைப் பார்த்து எண்ணுவது. அது சரியாக இருக்கிறதா என்று சோதிக்க ஒரு எளிய வழி: இரண்டு பிளேடு என்று வைத்து, சோக் வைத்த பழைய ட்யூப் லைட்டைக் காட்டுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தடவை மின்னும், மீட்டர் 3,000 காட்ட வேண்டும். வேறு காட்டினால் மீட்டரை நம்ப வேண்டாம். சூட்டை அளக்க, ஸ்பார்க் பிளக்கின் அடியில் வளையம்போல மாட்டும் சென்சார் கிடைக்கிறது. ரேடியோ வழியாகக் கையிலுள்ள ரிமோட்டில் எண் வரும். அந்த எண்ணை அடுத்தவர் இன்ஜினோடு ஒப்பிடாதீர்கள். உங்கள் இன்ஜின் நன்றாக ஓடும்போது என்ன காட்டுகிறது என்று பழகிக்கொள்ளுங்கள். அதிலிருந்து 15, 20 டிகிரி கூடினால் இறக்கிவிடுங்கள். சில சமயம் குற்றம் ஊசியில் இருக்காது, கூட்டில் இருக்கும். காற்று உள்ளே வரும் வாயைவிட வெளியேறும் வாய் இரண்டு மடங்காவது பெரிதாக இருக்க வேண்டும். போக வழியில்லாத காற்று உள்ளே வரவும் வராது. வந்த காற்றும் சிலிண்டர் விசிறித் தகடுகளுக்கு இடையே போகும்படி தடுப்புத் தகடு வைக்க வேண்டும். பிளக்கின் நிறத்தையும் பாருங்கள். டிகிரி காபி நிறம் நல்லது. கரி படிந்து ஈரமாக இருந்தால் ரிச். சுண்ணாம்புபோல வெளுத்திருந்தால் அன்றைக்குப் பறப்பதை நிறுத்திவிடுங்கள்.

இந்தக் கணக்கையும் பொறுமையையும் ஒரே மனிதர் எவ்வளவு தூரம் கொண்டுபோனார் என்பதற்கு ஓர் உதாரணம். அமெரிக்காவைச் சேர்ந்த மேனார்ட் ஹில். 2003 ஆகஸ்ட் 9ஆம் தேதி கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் கேப் ஸ்பியர் முனையிலிருந்து ஒரு மாதிரி விமானத்தைக் கையால் எறிந்து பறக்கவிட்டார். எரிபொருளோடு சேர்த்து எடை 5 கிலோவுக்குள். இன்ஜின் 10 சிசி ஃபோர் ஸ்ட்ரோக். குளோ பிளக்கில் ஓட வேண்டிய அதை ஸ்பார்க் இக்னிஷனுக்கு மாற்றி, முகாம் விளக்கு எரிக்கும் தூய பெட்ரோல் வகையில் ஓடும்படி செய்திருந்தார். 38 மணி 52 நிமிடம் கழித்து அது அட்லாண்டிக்கைக் கடந்து அயர்லாந்தின் கிளிஃப்டனுக்கு அருகே மானின் கடற்கரையில் இறங்கியது. தூரம் 3,000 கிலோமீட்டருக்கு மேல். எடுத்துப்போன எரிபொருள் ஒரு காலனுக்கும் குறைவு. மணிக்கு 100 மில்லிகூட இல்லை! அந்த விமானத்துக்கு ‘ஸ்பிரிட் ஆஃப் பட்ஸ் ஃபார்ம்’ என்று பெயர். முந்தைய முயற்சிகளில் விமானங்கள் கடலோடு போயின. அவரோ பார்வையைப் பெரும்பாலும் இழந்தவர், காதும் மந்தம். கார்புரேட்டரில் எவ்வளவு சின்னத் துளை போதும், இன்ஜின் எவ்வளவு மெல்ல ஓடினாலும் நிற்காது என்று ஆண்டுக்கணக்கில் ஓட்டிப் பார்த்துத்தான் அந்த இன்ஜினைத் தயார் செய்தார். இரண்டு இரவு, கைக்கு எட்டாத கடல் மேல், யாரும் ஊசியைத் தொட முடியாது. அந்த 38 மணி நேரமும் ஓடப்போகும் கலவையைத் தரையிலேயே தீர்மானித்தாக வேண்டும். தீர்மானித்தார்.

நேரம் ஆகிவிட்டது. வெளியே மைதானத்தில் ஒரு விமானத்தைக் கட்டி வைத்திருக்கிறோம், இதே வகை இன்ஜின்தான். பின்பக்கம் வெள்ளைச் சுண்ணாம்பில் ஒரு கோடு போட்டிருக்கிறது. அந்தக் கோட்டுக்குப் பின்னால் நின்றுகொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளைப் பெரியவர்கள் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். நான் எச் ஊசியை முதலில் வேண்டுமென்றே ரிச்சாக வைத்து ஓட்டுகிறேன். பிறகு மெல்ல மூடுகிறேன். சளி கரைவது எந்த இடத்தில் என்று நீங்கள் கை தூக்கிச் சொல்லுங்கள். உச்சி வந்ததும் சொல்லுங்கள். அதன் பிறகு நான் எவ்வளவு திறக்கிறேன் என்று பாருங்கள். மாணவர்களில் இரண்டு பேர் மட்டும் என்னோடு வாங்க. ஒருவர் வாலைப் பிடிக்க, ஒருவர் நோட்டில் எழுத.